பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிறது எப்படி

வருஷக்கணக்கா ஒரே இடத்துல குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாம இருக்கிறது இப்ப சகஜமாயிடுச்சு, ஆனா அத அப்படியே விட்டுடாதீங்க. 1995 ஜனவரியில ஜப்பான்ல கோபே பக்கம் நிலநடுக்கம் வந்தப்போ இடிபாட்டுல மாட்டுனவங்கள்ல பெரும்பாலானவங்கள வெளிய எடுத்தது வீட்டாளுங்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும்தான். அதே நிலநடுக்கத்துல அடிவாங்குன அவாஜி தீவுல, அப்ப ஹொக்குடான்னு இருந்த ஊர்ல யார் வீட்டுல யார் எந்த ரூம்ல படுப்பாங்கன்னு கூட பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால எங்க தோண்டணும்னு யாரும் யோசிச்சுட்டு நிக்கல.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? புதுசா குடி வந்திருந்தா முதல் வாரத்துலயே கதவத் தட்டிடுங்க, அப்ப போறது ரொம்ப ஈசி, நாள் ஆக ஆக கூச்சம்தான் வளரும். ஏற்கனவே ரொம்ப நாளா இருக்கீங்கன்னா "இவ்ளோ நாளா பாக்குறோம், பேர் கூட கேட்டுக்கல"ன்னு நேராவே சொல்லிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, பாதி பேர் அதே நினைப்புலதான் இருப்பாங்க. உள்ள போய் உக்காராதீங்க, வாசல்லயே ரெண்டு நிமிஷம் போதும். "நான் மேல் வீடு, எங்க பக்கத்துலேர்ந்து தண்ணி ஒழுகுனாலோ சத்தம் ஜாஸ்தியா இருந்தாலோ உடனே கூப்பிடுங்க, இதான் என் நம்பர்." அவங்க நம்பர கேக்குறதுக்கு முன்னாடி உங்க நம்பர குடுக்கிறது முக்கியம், நம்பிக்கை அங்கதான் ஆரம்பிக்கும்.

அதுக்கப்புறம் அடிக்கடி கண்ணுல படணும். 1950ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்ப வெச்சு ஃபெஸ்டிங்கர்ங்கிற உளவியல் ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல பக்கத்துப் பக்கத்து கதவுக்காரங்கதான் அதிகமா ஃப்ரெண்ட்ஸ் ஆகியிருந்தாங்க, கீழ் மாடில படிக்கட்டு ஓரமா இருந்தவங்களுக்கு மேல் மாடிலயும் பழக்கம் ஜாஸ்தி. அதனால லிஃப்ட், படிக்கட்டு, குப்பை போடுற இடம், வண்டி நிறுத்துற இடம் இங்கெல்லாம் ஃபோன பாக்கெட்ல போட்டுட்டு ஒரு வார்த்தை பேசுங்க.

அப்புறம் சின்னதா ஒரு உதவி கேளுங்க. ஏணி கேக்கலாம், ஸ்க்ரூ டிரைவர் கேக்கலாம், பார்சல் வந்தா வாங்கி வெக்க முடியுமான்னு கேக்கலாம். நீங்க கேட்டாத்தான் நாளைக்கு அவங்களுக்கும் உங்ககிட்ட கேக்குற உரிமை வரும். வாங்குனத அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க.

இன்னொரு வேலை, இத ரொம்ப பேர் செய்யறதில்ல. ஒரு பேப்பர்ல உங்க வீட்ட நடுவுல போட்டு சுத்தி கட்டம் போடுங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் பேர், நம்பர், தனியா இருக்கிற வயசானவங்க யாரு, நடக்க கஷ்டப்படுறவங்க யாரு, மருத்துவம் தெரிஞ்சவங்க யாருன்னு எழுதுங்க. காலியா இருக்கிற கட்டம்தான் அடுத்து தட்ட வேண்டிய கதவு. அந்த பேப்பர் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், ஒருத்தர் நம்பர அவங்கள கேக்காம இன்னொருத்தருக்கு குடுக்கவே கூடாது.

சம்பளம் எவ்ளோ, கல்யாணம் ஏன் ஆகல, குழந்தை எப்பன்னு நோண்டாதீங்க. முதல் பேச்சே கம்ப்ளைன்ட்டா இருக்க வேணாம். சிலருக்கு பழகவே பிடிக்காது, அவங்ககிட்ட தலையாட்டிட்டு போயிடுங்க, ஆனா பேரும் நம்பரும் மட்டும் எப்படியாவது வாங்கி வெச்சுக்கோங்க.