மல்லாட்டைக் கொல்லைக்கு ஒரு பன்றி விளக்கு

பண்ருட்டிக்குத் தெற்கே எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் கொல்லை. மூன்று பக்கம் முந்திரித்தோப்பு, ஒரு பக்கம் வண்டிப்பாதை. மார்கழிப் பட்டத்தில் போட்ட மல்லாட்டை (நிலக்கடலை) காய் திரண்டு வரும்போது, ஒரே ராத்திரியில் நாலு பாத்தி போய்விட்டது. காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கெல்லி, செடியைப் புரட்டிப் போட்டு, காயை மென்றுவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து, மிதிபட்ட பிஞ்சுக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கே, பன்றி வந்தால் தானாக எரிந்து மிரட்டுகிற இந்த விளக்கைச் செய்ய உட்கார்ந்தேன். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஈயம் பற்றவைக்கும் கோல் (சால்டரிங் அயர்ன்) கையில் இருந்தால் யாரும் செய்யலாம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றியை நாமாக வேட்டையாடுவது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலிக்கு வீட்டுக் கரண்ட் கொடுப்பது அதைவிடக் கொடுமை. விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகிற ஆள் அதில் கால் வைப்பார். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் ராத்திரிப் பன்றி வேட்டைக்கு, அசைவு தெரிந்தால் எரிகிற விளக்கு வைக்கிறார்கள். பன்றி மிரளாமல் நிற்க வேண்டும் என்று சிவப்பு, பச்சை வெளிச்சம் போடுவார்கள். நமக்கு அது மிரண்டு ஓட வேண்டும். அதனால் பளீரென்ற வெள்ளை.

தேவையானவை: எச்.சி.-எஸ்.ஆர். 501 (HC-SR501) என்ற பி.ஐ.ஆர். சென்சார் (உடம்புச் சூடு அசைவதைக் கண்டுபிடிப்பது), ஐஆர்எல்இசட் 44 என் (IRLZ44N) மாஸ்ஃபெட் (விளக்குக்குச் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற மூன்று கால் பாகம்), 12 வோல்ட் 10 வாட் எல்.இ.டி. விளக்கு, 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவு) பேட்டரி, 220 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 3 ஆம்பியர் ஃபியூஸ். பாண்டியில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாம் கிடைக்கும்.

பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். அங்கிருந்து ஒரு ஒயர் விளக்கின் பிளஸ்ஸுக்கு, ஒரு ஒயர் சென்சாரின் பிளஸ்ஸுக்கு. மாஸ்ஃபெட்டின் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும்: இடது கால் கேட், நடுக்கால் டிரெயின், வலது கால் சோர்ஸ். விளக்கின் மைனஸ் நடுக்காலுக்கு. வலது காலும் சென்சாரின் மைனஸும் பேட்டரி மைனஸுக்கு. சென்சாரின் அவுட் காலிலிருந்து 220 ஓம் வழியாகக் கேட்டுக்கு. கேட்டுக்கும் மைனஸுக்கும் நடுவில் 10 கிலோ ஓம். இதை விட்டுவிட்டால் விளக்கு சும்மா சும்மா மினுக்கும்.

சென்சாரில் இரண்டு திருகு உண்டு. ஒன்று தூரம், ஏறக்குறைய 7 மீட்டர் வரை. இன்னொன்று எரியும் நேரம். ஒரு நிமிடம் போதும். சென்சாரில் இருக்கிற ஜம்பரை (இரண்டு ஊசியை இணைக்கும் குட்டி மூடி) எச் (H) பக்கம் மாட்டினால், அசைவு இருக்கிறவரை அணையாது. கரண்ட் கொடுத்ததும் ஒரு நிமிடம் தானாக எரிந்து அணையும். அது பழுது இல்லை, பொறுத்திருங்கள்.

அப்புறம் பெட்டி. நான் மழைக்குப் பயந்து சென்சாருக்கு முன்னால் கண்ணாடி ஒட்டினேன். இரண்டு ராத்திரி விளக்கே எரியவில்லை. பன்றியின் உடம்புச் சூட்டைத்தான் சென்சார் பார்க்கிறது; கண்ணாடி அந்தச் சூட்டை மறைத்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, சென்சாரின் வெள்ளைக் குமிழ் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, விளிம்பை எம்சீல் வைத்து அடையுங்கள். மேலே பி.வி.சி. குழாய்த் துண்டைக் குடை மாதிரி வெட்டி ஒட்டினால் சாரல் அடிக்காது. ஒயர் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள், எறும்பு குடியேறிவிடும்.

விளக்கு பலிப்பதும் பலிக்காததும் வைக்கிற இடத்தில்தான். பகலிலேயே பன்றித் தடத்தைத் தேடுங்கள். எங்கள் கொல்லையில் கிழக்கு ஓரத்து முந்திரி மரத்தின் அடியில் முட்டி உயரத்துக்குச் சேறு தேய்ந்து காய்ந்திருந்தது. அதில் கறுப்பாக, பிரஷ் நார் மாதிரி விறைப்பான மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. அதுதான் வாசல். சென்சாரை இரண்டடி உயரத்தில், தடத்துக்குக் குறுக்கே பார்க்கும்படி கட்டுங்கள். நேரே எதிரில் வருகிற உருவத்தை அது சீக்கிரம் பிடிக்காது, குறுக்கே கடப்பதைச் சட்டென்று பிடிக்கும். விளக்கைத் தனியாக ஆறடி உயரத்தில், பன்றி வரும் திசையைப் பார்த்து வையுங்கள். விளக்குச் சூடு சென்சாருக்கு முன்னால் வரக்கூடாது.

பன்றிக்குக் கண்ணைவிட மூக்கும் காதும்தான் கூர்மை. அதனால் திருட்டு அலாரத்துக்கு மாட்டுகிற 12 வோல்ட் சைரனை விளக்கின் பிளஸ், மைனஸோடு சேர்த்துக் கொடுத்தேன். சைரன் போட்டபிறகுதான் கூட்டம் திரும்பி ஓடியது. ராத்திரிக்கு நாற்பது தடவை எரிந்தாலும் விளக்கு ஒரு ஏ.எச்.கூடத் தின்னாது. மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள்.

ஒரே இடத்தில் வைத்தால் பன்றி பழகிவிடும். மூன்று நாலு ராத்திரிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். சித்தப்பா சாயங்காலம் ஒரு நடை நடந்து, புதுக் குளம்படி எங்கே விழுந்திருக்கிறதோ அந்த ஓரத்துக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.