அசையை எண்ணி ட்யூடர் காலத் திருச்சபை இசையைக் கேட்கும் முறை

உதகை செயின்ட் ஸ்டீபன் ஆலயம் போன்ற நீலகிரித் திருச்சபைகளின் பாடகர் குழுவில் நின்று பழகியவர்களுக்கு, ட்யூடர் அரச மரபு ஆண்ட 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இசையை, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மதச் சீர்திருத்தம் எவ்வாறு மாற்றியது என்பதைக் காதாலேயே கண்டுகொள்வது கடினமன்று. கீர்த்தனையில் ஓர் அசையை, அதாவது சொல்லின் ஓர் ஒலித்துண்டை, பல சுரங்களில் இழுத்துப் பாடுகிறோம். மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலையில் பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம்தான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்குங்கள்.

முதலில், இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரிக்காக 1500-ஐ ஒட்டி எழுதப்பட்ட பாடல் ஏட்டிலுள்ள ராபர்ட் வில்கின்சனின் 'சால்வே ரெஜினா'வைக் கேளுங்கள். ஒன்பது குரல்கள் பின்னிப் பின்னி ஏறும். மரியாளை நோக்கிய அந்த லத்தீன் வேண்டுதலின் சொற்களைக் கையில் வைத்திருந்தாலும், எந்தக் குரல் எந்த அசையில் நிற்கிறது என்று தொடர்வது எளிதல்ல. சீர்திருத்தவாதிகளை உறுத்தியது இதுவே. 1544-இல் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், வழிபாட்டுப் பாட்டு சுரங்களால் நிரம்பியிராமல், இயன்றவரை அசைக்கு ஒரு சுரமாக அமைய வேண்டும் என்றார். 1549-இல் ஆங்கில வழிபாட்டு நூல் வந்தது. அடுத்த ஆண்டே ஜான் மெர்பெக் அதற்கு மிக எளிய ஒற்றை மெட்டுகளை அச்சிட்டார். அவற்றை ஒரு முறை கேட்டால் போதும். இசையாக அவை சற்று வறண்டவை.

நிதானமாகக் கேட்க வேண்டியது இசையமைப்பாளர் தாமஸ் தாலிஸின் 'இஃப் யீ லவ் மீ'. தாலிஸ் பணியாற்றிய வால்தம் மடம் 1540-இல் கலைக்கப்பட்டது. ஹென்றிக்குப் பின் வந்த ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் அவர் அமைத்த இப்பாடலின் சொற்கள் யோவான் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளவை. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால்" என்று தொடங்கும் அந்த வசனத்தைத் தமிழில் ஒரு முறை வாசித்துவிட்டு ஒலிப்பதிவை இயக்குங்கள். நான்கு குரல்களும் முதல் வரியை ஒன்றாகவே உச்சரிக்கின்றன. "நான் பிதாவை வேண்டிக்கொள்வேன்" என்னும் பொருளுடைய அடுத்த வரியிலோ, குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. ஆயினும் அசைகள் நீளாததால் எந்தச் சொல்லும் மறைவதில்லை. அசைக்கு ஒரு சுரம் என்ற கட்டளைக்கு அடங்கிக்கொண்டே பழைய பின்னல் கலையைக் காப்பாற்றிய கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிகிறது. பின்பாதி அப்படியே மறுபடியும் பாடப்படுவதால், முதல் முறை சொற்களையும் இரண்டாம் முறை குரல்களின் நுழைவையும் கவனிக்கலாம்.

கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1553 முதல் 1558 வரை, லத்தீன் வழிபாடு திரும்பியது. அவருக்குப் பின் வந்த அரசி எலிசபெத் மீண்டும் ஆங்கிலத்தை நிலைநாட்டினார். எனவே மொழியை வைத்து ஒரு பாடலின் ஆட்சிக்காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் லத்தீன் என்றால் எலிசபெத்துக்கு முந்தையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்: தாலிஸும் வில்லியம் பேர்டும் 1575-இல் அச்சிட்ட 34 லத்தீன் பாடல்கள் எலிசபெத்துக்கே காணிக்கையாக்கப்பட்டவை. கத்தோலிக்கராகவே வாழ்ந்த பேர்ட், 1590-களின் முற்பகுதியில் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கான பூசைப் பாடல்களைத் தலைப்புப் பக்கமே இல்லாமல் வெளியிட்டார். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்ததால் மறைவாக வீடுகளில் கூடிய சிறு கூட்டங்கள் பாடத்தக்க அளவில் அவை சுருக்கமாக உள்ளன. நான்கு குரல் பூசையின் 'ஆக்னுஸ் தேயி' (தேவ ஆட்டுக்குட்டியே) பகுதியின் இறுதியில் சமாதானம் வேண்டும் சொற்கள் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று உரசி, தாமதித்தே இணங்குவதைக் கவனியுங்கள். சீர்திருத்தத்தை ஏற்காத இந்த இசையிலும் ஈட்டன் ஏட்டின் நீண்ட இழுப்புகள் இல்லை. சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன.