உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்க கார்வோன்: எங்கே பிழை விடுகிறோம்?

சதகுப்பையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மணந்து பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு இடிக்கும்போது எழும் அந்த மணத்தில் பெரும்பங்கு, அதன் எண்ணெயில் உள்ள கார்வோன் என்ற பொருளுடையது. சீமைச்சோம்பிலும் இதே பொருள்தான். நெதர்லாந்தில் 1990களிலேயே உருளைக்கிழங்குக் களஞ்சியங்களில் முளையை அடக்க இதைப் பயன்படுத்தினார்கள். அதே வேலைக்குப் பயன்பட்ட குளோர்புரோபாம் என்ற இரசாயனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020உடன் நின்றுபோனது. அதன் பிறகு இப்படியான தாவர எண்ணெய்களுக்கு அங்கே மவுசு கூடியது.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் மாசி, பங்குனியில் கிண்டும் கிழங்குக்கும் இது உதவாதா என்று தோட்டக்காரர் கேட்பது நியாயம். சித்திரை வெக்கையில் கிழங்கின் முளைக்கண் சீக்கிரம் விழித்துவிடுகிறது. ஆனால் முறை பிழைத்தால் உள்ளதும் கெடும்.

பெரிய பிழை அவசரம். கிண்டிய கையோடு எண்ணெய் வைக்கக் கூடாது. மண்வெட்டி பட்ட காயமும் உரிந்த தோலும் ஆற, இருட்டும் காற்றோட்டமும் உள்ள நிழலில் பத்துப் பதினான்கு நாள் கிடக்க வேண்டும். காயத்தின் மேல் புதுத்தோல் கட்டுவதையும் கார்வோன் தடுக்கும். ஆறாத காயம் வழியே அழுகல் நுழையும்.

அடுத்தது, எண்ணெயைக் கிழங்கின் மேலேயே ஊற்றுவது. நானும் ஒருமுறை ஒரு கடகம் கிழங்கில் தெளித்தேன். துளி பட்ட இடமெல்லாம் கபிலப் புள்ளியாகித் தோல் குழிந்துவிட்டது. இது ஆவியாக வேலை செய்யும் பொருள். களஞ்சியங்களில் புகைபோல ஆக்கி, கதவைப் பூட்டிச் சுற்றவிடுவார்கள். நாலு பக்கமும் காற்றடிக்கும் கிடுகுக் கொட்டிலில் ஆவி நிற்காது. சாக்குக்குள் முழு விதையைத் தூவுவதும் போதாது.

ஒருமுறை வைத்தால் காலத்துக்கும் காணும் என்பதும் பிழை. ஆவி முளையின் நுனியைத்தான் கருக்குகிறது, கண் சாவதில்லை. மணம் போனதும் திரும்ப வெடிக்கும். அதனால்தான் ஸ்பியர்மின்ட் புதினா எண்ணெயைச் சில கிழமைக்கொருமுறை திரும்பக் கொடுக்கிறார்கள். அதிலும் கார்வோன் உண்டு. பெப்பர்மின்ட் எண்ணெயில் மெந்தோல்தான் கூட, ஓமத்தில் தைமோல். மணம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று மாற்றி வாங்காதீர்கள்.

பச்சை பிடித்த கிழங்கை எந்த எண்ணெயும் மீட்காது. வெளிச்சத்தில் பச்சையாகும்போது சொலனைன் என்ற நஞ்சும் கூடுகிறது, அவித்தாலும் அது போகாது. அந்தக் கிழங்கைக் கறிக்கு எடுக்கவே வேண்டாம்.

விதைக்கு ஒதுக்கிய கிழங்கு? அதை வேறு அறையில் வையுங்கள். அடுத்த போகத்துக்கு அந்த முளைதான் வேண்டும்.