பன்றிப் பண்ணையும் சீக்வென்சிங் தாளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பன்றிகளிடம் மாதிரி எடுத்து சீக்வென்சிங்குக்கு (வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பதற்கு) அனுப்பும் இளம் கால்நடை மருத்துவர்கள், நான் செய்த தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை, ஐஸ் பெட்டி எல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

பி72 ஒத்துப்போனதும் ஆள் சிக்கிவிட்டார் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்ததிலிருந்து எங்கள் பக்கம் எல்லோருக்கும் பதற்றம். அப்புறம் ஒருமுறை, மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு பண்ணைகளில் நோய். இரண்டிலும் பி72 என்ற மரபணுத் துண்டு (வைரஸின் வகையைக் கண்டுபிடிக்க வழக்கமாகப் படிப்பது) நூற்றுக்கு நூறு ஒன்று. "அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். பண்ணைக்காரர்கள் இருவரும் மாமன் மச்சான். பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அந்தத் துண்டு ஏறக்குறைய 480 எழுத்து. வைரஸின் முழு நீளம் சுமார் 1,90,000. அதுவும் இது டிஎன்ஏ வைரஸ், மெதுவாகத்தான் மாறும். 2007-இல் ஜார்ஜியாவில் தலைகாட்டிய இரண்டாம் வகைதான் 2018-இல் சீனாவுக்கும் 2020-இல் அசாமுக்கும் வந்தது. பி72-ஐ மட்டும் நம்பினால் ஜார்ஜியாக்காரரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கேட்டேன். நான் குற்றம் சாட்டிய பண்ணையில் முதல் பன்றி படுத்தது நான்கு நாள் பிந்தி! இரண்டு இடத்துக்கும் வந்துபோனது ஒரே வியாபாரியின் வண்டி. அதற்குள் அந்த வண்டி மூன்றாவது பண்ணைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு பன்றி மிஞ்சவில்லை.

மரபணு வரிசை வேறுபட்டால் ஒரு வழியை விலக்கலாம். ஒத்துப்போனால் விசாரணை அப்போதுதான் ஆரம்பம். முழு மரபணு வரிசையைக் கேளுங்கள். கூடவே யார் யாருக்கு விற்றார், எந்த வண்டி, என்றைக்கு என்று நோட்டில் எழுதுங்கள்.

தடுப்பூசி போட்ட கையோடு மாதிரி எடுப்பது

இது கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு. (பெயர்தான் ஒட்டுகிறது, வைரஸ் முற்றிலும் வேறு.) வழக்கமான தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ், பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) அதையும் பிடிக்கும். மரபணு வகை எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தடுப்பூசி வைரஸ் 1.1 என்றால், நம் நாட்டுப் பண்ணைகளில் சுற்றும் வைரஸிலும் 1.1 உண்டு. தடுப்பூசி வைரஸின் வரிசையோடு நேராக ஒப்பிட வேண்டும்.

ஹெபாரின் குழாய்

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் பிசிஆரைக் கெடுக்கும். ஊதா மூடி (இடிடிஏ) குழாய் மட்டும்.

அழுகிவிட்டது என்று காட்டுப்பன்றியை விட்டு வருவது

எலும்பு மஜ்ஜை இருக்கும். வனத்துறையிடம் சொல்லி எடுங்கள்.

முதல் மாதிரியைத் தூக்கிப்போடுவது

கொட்டிலைக் கழுவி, காயப்போட்டு, புதுக்குட்டி இறக்கி, ஆறு மாதத்தில் மறுபடி நோய் வந்தால் பண்ணைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "பழசே திரும்புச்சா, புதுசா வந்துச்சா?" பழையதன் வரிசை கையில் இல்லாவிட்டால், எதோடு ஒப்பிட்டு அவருக்குப் பதில் சொல்வீர்கள்?