ஈரத் தரையும் மலிவு அலுமாரியும்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் வீடு என்றால் தளபாடம் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். எங்கள் முன்னறையில் ஏற்கெனவே விரித்திருந்த பிளாஸ்டிக் கார்பெட்டைத் தூக்கினால் அடியில் ஒரே கறுப்புப் பூஞ்சணம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, வெறும் சீமெந்தின் மேல் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டேன். மேலே வியர்த்தால் காற்றின் ஈரம், அடியில் வியர்த்தால் தரைக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்கு அடியில்தான். பின்சுவரோடு ஒட்டிக்கிடந்த மண்ணை வெட்டி எடுத்து, மழைத்தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டினோம், செலவு கூலி மட்டும்தான். தரை நன்றாகக் காய்ந்தபிறகு சிவப்பு பொலிஷ், அதன் மேல் பன்பாய். குளிருக்குப் போதும், வெயில் வந்தால் வெளியே காயப்போடலாம்.

அலுமாரிக்கு மரச்சீவலை அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகை வேண்டவே வேண்டாம் (கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி), வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் ஊதிவிடும், ஊதியது பழையபடி அமுங்காது. மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடம் பழைய மஹோகனி அலுமாரி மலிவாகக் கிடைத்தது. தச்சு பாஸ் காலுக்கு ரப்பர் அடித்துக் கொடுத்தார். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறோம்.