ஹெட்லைட் கண்ணாடியில் கல்லும் படக்கூடாது, புகாரும் கட்டக்கூடாது

வன்னியில் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் ஓடியிருந்தால் தெரியும், லைட் மங்கிய காரில் போனால் வீதியில் படுத்திருக்கும் மாடு கிட்டப் போகும்வரை தெரியாது, நெடுங்கேணிப் பக்கம் யானை என்றால் சொல்லவே வேண்டாம். பல பேர் உடனே பெரிய பல்ப் வாங்கிப் போடுவார்கள். அனேகமாகப் பிழை பல்ப்பில் இல்லை, முன்னால் இருக்கும் கண்ணாடியில்தான்.

கண்ணாடி என்று சொன்னாலும் இப்போதைய கார்களில் அது பொலிகார்பனேட் பிளாஸ்டிக். லேசில் உடையாது, ஆனால் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய கடினப் பூச்சு ஒன்று அடித்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரைதான் லைட்டுக்கு ஆயுள். பழைய வான், லொறிகளில் இருப்பது உண்மையான கண்ணாடி, அதற்கு இந்த மஞ்சள் பிரச்சினை இல்லை.

பூச்சை நாங்களேதான் அழிக்கிறோம். கிரவல் வீதியில் வந்து நின்றதும் பழைய பெனியனால் புழுதியை உலர உலர உரஞ்சுவது சாண்ட் பேப்பர் போடுவது மாதிரி. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓட விடுங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும். பெற்றோல், ரின்னர் பக்கமே போகாதீர்கள், பொலிகார்பனேட் வெடிப்பு விடும். நுளம்புக்குப் பூசும் மருந்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வீடியோ ஒன்று சுற்றுகிறது, அது பளபளப்பு இல்லை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு கரைவது. பற்பசை போட்டாலும் சில கிழமையில் பழையபடி மங்கிவிடும்.

கல்லுக்கு வருவோம். மண்ணும் கிரவலும் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், புழுதி அடங்கி வீதி தெரியும் அளவுக்குப் பின்தங்குங்கள். எதிரே டிப்பர் வந்தால் நீங்கள் வேகத்தைக் குறையுங்கள், ஏனென்றால் அதன் ரயர் எறியும் கல்லின் வேகத்தோடு உங்கள் வேகமும் சேர்ந்துதான் அடிக்கும். ஆனாலும் ஒரு நாள் அடிக்கத்தான் செய்யும், ஆகவே ஃபிலிம் ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலைகளில் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய ஒன்று இதுதான். கடையில் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் தெளிவான ஃபிலிம்) என்று கேளுங்கள், டிபியு என்ற இழுபடும் பிளாஸ்டிக் வகை, கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் தடிப்பு. ஸ்ரிக்கர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி எங்கள் வெயிலுக்குக் கெதியாய் மஞ்சளாகிவிடும். நிறம் போட்டது வேண்டாம், வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

நீங்களே ஒட்டுவதானால் காலையில், காற்று கிளம்ப முன்னம், நிழலில் செய்யுங்கள். லைட்டைக் கழுவி, சில துளி ஷாம்பு கலந்த தண்ணீரை லைட்டிலும் ஃபிலிமின் ஒட்டும் பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, நடுவில் வைத்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போங்கள். வளைவில் சுருங்கினால் முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி இழுங்கள். இரண்டு மூன்று நாள் கழுவ வேண்டாம். (முதல் தடவை நான் மத்தியான வெயிலில், முற்றத்தில் வைத்து ஒட்டினேன். உள்ளே அகப்பட்ட மண்துகளை இன்றைக்கும் எண்ணலாம்.)

ஏற்கனவே மஞ்சளாகியிருந்தால் ஃபிலிமுக்கு முன் பொலிஷ் வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு ரேப் ஒட்டி, 1000, 2000, 3000 இலக்கச் சாண்ட் பேப்பரால் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் கொம்பவுண்ட் என்ற மினுக்கும் பசை. இங்கேதான் பல கராச்சுகள் கைகழுவிவிடும். மிஞ்சியிருந்த பூச்சும் போய் பிளாஸ்டிக் அம்மணமாக நிற்கிறது, அன்றைக்கே ஃபிலிமோ புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூச்சோ போடாவிட்டால் முன்னையதைவிட வேகமாக மங்கும்.

உள்ளே புகார் கட்டுவது வேறு கதை. மாரியில் மழைக்குப் பிறகு மெல்லிய ஆவி படிந்து, லைட் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடக் காய்ந்தால் அது வழமை, விடுங்கள். துளித்துளியாக நின்றால், அடியில் தண்ணீர் தேங்கினால் தேட வேண்டும். முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள், பல்ப் மாற்றியவர் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பார். அடுத்தது காற்றுத் துவாரம்: சேறு அடைத்திருக்கும், எங்கள் பக்கம் மண்குளவி கூடு கட்டியும் வைத்திருக்கும். இரண்டும் சரி என்றால் ஓரத்துப் பசை விட்டிருக்கிறது அல்லது கல் அடித்த இடம் உள்வரை வெடித்திருக்கிறது. பிரஷர் தண்ணீரை அந்த விளிம்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். காய வைக்க, மூடியையும் பல்ப்பையும் கழற்றி வெயிலில் நிறுத்தினால் போதும், ஹலோஜன் பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. தண்ணீர் வடிய ஓட்டை போடுகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள், அதே ஓட்டையால் புழுதி உள்ளே போகும்.

60/55 வாட்ஸ் (தூர வெளிச்சத்துக்கு 60, கிட்ட வெளிச்சத்துக்கு 55) பல்ப் இருந்த இடத்தில் 100 வாட்ஸ் போடுவதும் வேண்டாம், அந்தச் சூட்டுக்குக் கண்ணாடியும் வயரும் தாங்காது.

சிறு கல்வடுவில் நகப்பூச்சு வைக்கச் சொல்வார்கள், அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும். உள்வரை வெடித்தால் தெளிவான ரேப் ஒட்டி மழையைத் தடுத்துவிட்டு வேறு லைட் தேடுங்கள். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது எடுத்து அனுப்பச் சொன்னால், பொருத்தும் கால்கள் ஒட்டுப்போடாமல் முழுதாய் இருக்கின்றனவா என்று படம் கேட்டுப் பார்த்த பிறகு காசைப் போடுங்கள்.