மழைக்கால ரோட்டில் முன்சக்கர வண்டியும் பின்சக்கர வண்டியும்: எதை எப்படி ஓட்டுவது

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரி பக்கம் தவளக்குப்பத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அண்ணே, மழைக்கு ஃப்ரன்ட் வீல் டிரைவ் நல்லதா, பேக் வீல் டிரைவ் நல்லதா?" வீட்டு உபயோகத்துக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, எஞ்சின் முன்சக்கரத்தைச் சுழற்றி இழுக்கிற முன்சக்கர வண்டியைத்தான் சொல்வேன். ஏற்கெனவே கையில் இருப்பது பின்சக்கர வண்டி என்றால் அதை விற்க வேண்டியதில்லை. எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று தெரிந்து, அது வழுக்கும்போது கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்று பழகிக்கொண்டால் போதும்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். ஆல்டோ, ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20, எர்டிகா எல்லாம் முன்சக்கரம். ஆம்னி, ஈகோ, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, டாடா ஏஸ் எல்லாம் பின்சக்கரம். பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்: இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர வண்டி, இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர வண்டி. சந்தேகம் இருந்தால் குனிந்து அடியில் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை எஞ்சின் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீளமான தண்டு ஓடி, ஆக்சில் நடுவில் பல் சக்கரங்கள் இருக்கிற உருண்டையான கிரவுன் ஹவுசிங் தெரிந்தால் பொதுவாகப் பின்சக்கர வண்டிதான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் முன்பக்கமும் ஆக்சில் இருக்கும். அது வேறு கதை.

முன்சக்கர வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையும் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்காருகிறது. அதனால் ஈர ரோட்டில் கிளம்பும்போது சட்டென்று பிடிப்பு கிடைக்கிறது. ஆனால் இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு டயரின் வேலை. வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அவை திணறிவிடும். பின்சக்கர வண்டியில் இந்த வேலை பிரிந்திருக்கிறது. பின்னால் சுமை ஏறினால் பிடிப்பும் ஏறும். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் புதுச்சேரிக்குப் போகிற பிக்கப், போகும்போது ஒழுங்காகப் போகும். காலியாகத் திரும்பும்போதுதான் பின்பக்கம் துள்ளி வழுக்கும். காலி பிக்கப், காலி ஈகோ ஓட்டுகிறவர்கள் மழையில் சுமையோடு போன வேகத்தில் திரும்பக் கூடாது. பிரேக் விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, நிறுத்துவது டயர்தான்.

சரி, வழுக்கினால் என்ன செய்வது? முன்சக்கர வண்டி வழுக்குவது எப்படி என்றால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகவே போகும். பயத்தில் எல்லோரும் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார்கள். அது கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஒடித்த ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் குறைந்ததும் முன்டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும், அப்போது திருப்புங்கள். பின்சக்கர வண்டியில் வால் பக்கம் வெளியே போகும். ஆக்சிலேட்டரை விடுங்கள், கியர் வண்டியானால் கிளட்சையும் மிதித்துவிடுங்கள். இல்லையென்றால் எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்து இன்னும் வழுக்க வைக்கும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கிய உடனே ஸ்டியரிங்கையும் நேராக்க வேண்டும். தாமதித்தால் மறுபக்கம் வீசிவிடும். இதே காரணத்தால் பின்சக்கர வண்டியில் ஈர ரோட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தடாலென்று கியர் இறக்காதீர்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கட்டாயம். அது உள்ள வண்டியில் அவசரத்துக்கு பிரேக்கை முழுசாக மிதித்து அப்படியே வைத்திருங்கள். பெடல் உதறும், உதறுகிறதே என்று காலை எடுக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை ஓடும் வண்டியில் தொடவே தொடாதீர்கள்.

நம் பக்கம் எங்கே வழுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ஊறி வரும் அந்த நேரம் மோசமானது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர்கள் வயல் சேற்றை டயரோடு தார் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளில் நனைந்த மண்ணுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்.

டயர் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சட்டம் டயர் பட்டன்களுக்கு நடுவில் 1.6 மில்லிமீட்டர் ஆழப் பள்ளம் போதும் என்கிறது. அடைமழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மாற்றுங்கள். காற்று குறைந்த டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும், அதனால் காற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, முன்சக்கர வண்டியில் முன்டயர் சீக்கிரம் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் கடைக்காரர் அவற்றை முன்னால் போட வருவார். விடாதீர்கள். எந்த வண்டியானாலும் நல்ல ஜோடி பின்னால்தான் போக வேண்டும். முன்டயர் பிடிப்பை இழந்தால் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் இழந்தால் வண்டி சுழன்றுவிடும்.

அடுத்தது தேங்கிய தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கமெல்லாம் மூழ்கியது. அப்படி ஓடுகிற தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். ஓரடி ஓட்டத்திலேயே சின்ன கார் மிதக்கத் தொடங்கும். மழை நாட்களில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நிற்கிற மாதிரி தேங்கிய தண்ணீர் என்றால், சக்கரத்தின் நடுமையத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, முதல் கியரில் ஒரே சீராகப் போங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் போயிருந்தால், உள்ளே பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள். அப்புறம்தான் இரண்டு வண்டிக்கும் பராமரிப்பு வேறாகிறது. சூடாக ஓடிய கிரவுன் ஹவுசிங் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் குளிர்ந்து, காற்று போய்வருகிற பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எனவே பின்சக்கர வண்டியில் கிரவுன் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும், விட்டால் பல் சக்கரமும் பேரிங்கும் துருப்பிடித்துச் செலவு பல மடங்காகும். முன்சக்கர வண்டியில் பார்க்க வேண்டியது ஆக்சில் முனையில் இருக்கிற ரப்பர் பூட். அது கிழிந்திருந்தால் சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த பூட்டுக்குள் இருக்கிற ஆக்சில் ஜாயின்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

சேற்றில் சிக்கினால் இழுக்கிற சக்கரத்தின் அடியில்தான் தென்னை மட்டையோ சாக்கோ போட வேண்டும். முன்சக்கர வண்டிக்கு முன்னால், ஈகோவுக்குப் பின்னால். பின்சக்கர வண்டி என்றால் கூட வந்த ஆட்களைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழல விட்டால் குழிதான் ஆழமாகும். இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள்.

பாரிஸ், லியோன் பக்கம் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. அங்கே போய்ப் பனிக்காலத்தில் கார் எடுக்கிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். டயர் மட்டும் இன்னும் முக்கியம். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் இறுகிவிடும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். குளிர்கால டயர் போட்ட பின்சக்கர வண்டி, சாதாரண டயர் போட்ட முன்சக்கர வண்டியை விடப் பனியில் நன்றாக நிற்கும். பிரான்ஸில் 2021 முதல், குறிப்பிட்ட மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் போட்டிருக்க வேண்டும், அல்லது பனிச் சங்கிலியாவது வண்டியில் வைத்திருக்க வேண்டும். சங்கிலியை இழுக்கிற சக்கரத்தில்தான் கட்ட வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே எது இழுக்கிற சக்கரம் என்று கேட்டு, பனி இல்லாத இடத்தில் ஒருமுறை கட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.